இழுப்புக்கு மருந்து வந்த வழி

மதுரைக்காரர்கள் அறிந்த மிகப் பழைய வைத்தியப் போட்டி கூன்பாண்டியன் உடம்பின்மேல் நடந்தது. அரசனுக்கு வெப்புநோய். இடப்பக்கத்தைச் சமணர்கள் ஏற்றுக்கொண்டு மயிற்பீலியால் தடவினார்கள், நீர் தெளித்தார்கள். வலப்பக்கத்துக்குத் திருஞானசம்பந்தர் திருநீறு பூசினார். வலப்பக்கம் குளிர்ந்தது, இடப்பக்கம் முன்னைவிடக் கொதித்தது. பெரியபுராணம் சொல்கிற கதை. பக்தியோடு படிப்பவர்கள் அப்படியே படிக்கட்டும். எனக்கு அதில் பிடிபட்டது, ஓர் உடம்பை நடுவே பிரித்து இடம் வேறு, வலம் வேறு என்று பார்க்கிற பார்வை.

நான் கீழக்குயில்குடியில் பிறந்தவன். மதுரையில் நரம்பியல் மருத்துவர் ஒருவரின் கிளினிக்கில் ஈ.ஈ.ஜி., அதாவது மூளையின் மின் அலைப் பதிவு, எடுக்கும் டெக்னீஷியனாக இருந்து ஓய்வுபெற்றவன். "எந்தப் பக்கம் இழுத்துச்சு?" என்பதுதான் அங்கே முதல் கேள்வி. வலது கை வெட்டி இழுத்தால் இடது மூளை, இடது கால் விளங்காமல் போனால் வலது மூளை. இந்தக் கணக்கு காதில் விழாத நாள் கிடையாது. எங்கள் வட்டாரத்தில் மூளைக்கும் நரம்புக்கும் வைத்தியம் வந்து சேர்ந்த வழியை, பெரும்பாலும் இழுப்பு நோயை, அதாவது வலிப்பை, வைத்தே, எழுதிப் பார்க்கிறேன். நான் அதிகம் பார்த்தது அதைத்தான்.

ஊருக்குத் தலைமாட்டில் சமணர் மலை. அடிவாரத்தில் தாமரைக்குளம், ஆலமரங்கள், அய்யனார் கோயில். செட்டிப்புடவில் பெரிய தீர்த்தங்கரர் அமர்ந்திருக்கிறார். மேலே பேச்சிப்பள்ளத்தில் சுனையை ஒட்டி வரிசையாகச் சிற்பங்கள், அவற்றின் அடியில் வட்டெழுத்து. இவை 9, 10-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. சம்பந்தரோ 7-ஆம் நூற்றாண்டு. அவரிடம் போட்டியில் தோற்ற எண்ணாயிரம் சமணரைக் கழுவேற்றியதாகச் சொல்லும் கதைக்கு இருநூறு ஆண்டு கழித்தும் இங்கே சமணர்கள் இருந்திருக்கிறார்கள், செதுக்க ஆள் வைத்திருக்கிறார்கள், தானம் பெற்றிருக்கிறார்கள். போட்டியில் தோற்று ஒழிந்துபோனவர்கள் என்று அவர்களைப் பேசுவதை எங்கள் ஊர்ப் பாறையே மறுக்கிறது. உணவு, அடைக்கலம், மருந்து, கல்வி என நான்கையும் தானமாகக் கொடுக்கச் சொன்ன சமயம் அது. ஏலாதி, சிறுபஞ்சமூலம் என்று அறநூல்களுக்கு மருந்துகளின் பெயரை வைத்தவர்கள் சமணப் புலவர்கள். அருள் தேடி மலை ஏறிய சனத்தில், நோய்க்கு மருந்து தேடி ஏறியவர்களும் இருந்திருப்பார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

சம்பந்தரைப் பற்றி இன்னொரு கதையும் உண்டு. திருச்சிக்குப் பக்கத்தில் திருப்பாச்சிலாச்சிராமம், இப்போது திருவாசி. அங்கே கொல்லிமழவன் என்ற தலைவனின் மகளுக்கு முயலகன் நோய். நடராசர் காலடியில் மிதிபட்டுக் கிடக்கிறானே, அந்த முயலகனின் பெயரையே இழுப்புக்கு வைத்திருந்தார்கள். செய்யாத வைத்தியமெல்லாம் செய்து ஓய்ந்து, கடைசியில் மகளைக் கோயிலில் கொண்டுவந்து கிடத்தினான் தகப்பன். சம்பந்தர் பாடினார், பெண் எழுந்தாள். இன்றும் அந்தக் கோயில் நடராசரின் காலடியில் முயலகன் இல்லை, பாம்புதான் இருக்கிறது. அந்தத் தகப்பனை நான் எத்தனையோ முகங்களில் பார்த்திருக்கிறேன். கிளினிக்குக்கு வந்த குடும்பங்களில் பாதிக்கு மேல், எங்களிடம் வருமுன் ஏதாவது ஒரு சன்னிதியில் பிள்ளையைக் கிடத்திவிட்டு வந்தவை.

என் சின்ன வயதில் ஊரில் யாருக்காவது இழுத்தால் முதலில் ஓடுவது இரும்புக்கு. சாவிக்கொத்து, அரிவாள், உலக்கைப் பூண், கையில் கிடைத்தது. அதைக் கையில் திணித்ததும் இழுப்பு நின்றுவிடும். நின்றது உண்மை, ஏனென்றால் பெரும்பாலான இழுப்பு ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாகவே அடங்கிவிடும். இரும்பைத் தேடி எடுத்து வரவும் அதே நேரம்தான் ஆகும். கண் முன்னால் தவறாமல் பலித்த ஒன்றை மக்கள் நம்பியதில் குற்றமே கிடையாது. அடங்காமல் திரும்பத் திரும்ப வந்தால் கோடாங்கி. உடுக்கை அடித்து, எந்தப் பாதையில் எது பிடித்தது என்று குறி சொல்வார். கயிறு மந்திரித்துக் கட்டுவார்கள். நெற்றியில் மஞ்சளைச் சுட்டுச் சூடு வைப்பார்கள். கை கால் விழுந்தவர்களுக்குப் புறா ரத்தம் தேய்ப்பார்கள். ஈ.ஈ.ஜி. எடுக்க முடியைப் பிரிக்கும்போது, நெற்றியோரத்தில் காசு அளவுக்குப் பழைய சூட்டுத் தழும்பு தட்டுப்படும். எந்த வயதில் நோய் தொடங்கியது என்று கேட்காமலே அதைப் பார்த்து ஊகித்துவிடலாம்.

இனிச் சொல்லப்போவது எங்கள் ஊருக்கே உரிய வரலாறு. ஒரு சமூகத்தையே குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய குற்றப் பரம்பரைச் சட்டத்தை, எங்கள் பக்கத்துப் பிரமலைக் கள்ளர்மேல் முதன்முதலில் பாய்ச்சியது கீழக்குயில்குடியில்தான், 1914-ல். பிறகுதான் மற்ற ஊர்கள். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். ஊர்ப் பெரியவர்கள் ரேகைச் சட்டம் என்பார்கள். விரலை மையில் தோய்த்துப் பதிவேட்டில் வைத்த ஆம்பிளைகள் இருட்டிய பிறகு போலீஸ் கண்காணிப்பில் போய்ப் படுக்க வேண்டும். ஊர் விட்டு ஊர் போகச் சீட்டு வேண்டும். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-ல்தான் ஒழிந்தது.

இதை நரம்பியல் கதையில் ஏன் கொண்டுவருகிறேன் என்று கேட்கலாம். ஆல்பிரட் ஹாப்ட்மன் என்ற ஜெர்மானிய மருத்துவர் பீனோபார்பிட்டோன் இழுப்பை அடக்குகிறது என்று எழுதியது 1912. எங்கள் மக்கள் பின்னாளில் கார்டினால் மாத்திரை என்று சொன்னது அதைத்தான். அதற்கு முன் 1857 முதல் புரோமைடு உப்பு இருந்தது. ஆள் எந்நேரமும் தூங்கி வழிவார், முகமெல்லாம் கொப்புளம் போடும். பீனோபார்பிட்டோன்தான் சாதாரண ஆள் நம்பிச் சாப்பிடக்கூடிய முதல் மருந்து. விலையும் மலிவு. மருந்து பிறந்தது 1912. இரண்டு ஆண்டு கழித்துச் சர்க்கார் எங்கள் ஊருக்கு வந்தது, கையில் மருந்தோடு இல்லை, மைப்பெட்டியோடு. வீடு வீடாகப் பேர் எழுதவும் ஆளைத் தினமும் தவறாமல் பார்க்கவும் சர்க்காருக்குத் தெரிந்திருந்தது. அதே பதிவேட்டை வைத்துக்கொண்டு நோயாளியைத் தேடியிருக்க முடியும். செய்யவில்லை.

தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்த ஒன்றும் இதோடு சேர்ந்து உறுத்தும். ஈ.ஈ.ஜி. சாதாரணமாக இருந்து சந்தேகம் தீராவிட்டால், ராத்திரி முழுக்கத் தூங்காமல் வரச் சொல்வோம். தூக்கம் கெட்டால் மறைந்திருக்கும் இழுப்பின் அலை வெளியே வரும். இழுப்பு உள்ளவர்களுக்குத் தூக்கம்தான் முதல் காவல். முப்பது ஆண்டுக்கு மேல் தூக்கத்துக்கே காவல் போட்ட ஒரு ஊரில், அந்த நோய் இருந்த ஆம்பிளைகள் அந்த ராத்திரிகளை எப்படிக் கழித்தார்கள் என்ற நினைப்பு வரும்போதெல்லாம் மனசு கனத்துப்போகும்.

மருந்து கண்ட கதை ஐரோப்பாவில், அமெரிக்காவில். அதை இங்கே கொண்டுவந்து சேர்த்தவர்கள் சிலரைச் சொல்ல வேண்டும். மாண்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி, 1949-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நாட்டின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். இழுப்புக்கான இந்தியாவின் முதல் மூளை அறுவையை அவர் அங்கே செய்தது 1952 ஆகஸ்ட் 25. சீர்காழியில் பிறந்த பி. ராமமூர்த்தி, இங்கிலாந்தில் பயிற்சி முடித்து 1950-ல் சென்னை பொது மருத்துவமனையில் துறையைத் தொடங்கினார். அவரிடம் வேலை கற்ற டி.எஸ். கனகா ஆசியாவின் முதல் பெண் நரம்பு அறுவை நிபுணர்களில் ஒருவர். சாண்டி, ராமமூர்த்தி, பல்தேவ் சிங், எஸ்.டி. நரசிம்மன் ஆகிய நால்வரும் சேர்ந்து 1951-ல் இந்திய நரம்பியல் சங்கத்தைத் தொடங்கினார்கள். வெளிநாட்டுப் புத்தகத்தை ஒப்பித்தவர்கள் இல்லை இவர்கள். இளவயதிலேயே கை கால் தசை கரைந்து, முகமும் நாக்கும் தளர்ந்து, காதும் மந்தமாகும் ஒரு நோயைச் சென்னை மருத்துவமனையில் கவனித்து, 1970-ல் மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி எழுதினார்கள். உலகப் பாடநூல்களில் இன்றும் அதற்கு மெட்ராஸ் என்ற பெயர் ஒட்டியிருக்கிறது.

மதுரையில் மருத்துவக் கல்லூரி வந்தது 1954-ல். முன்னாள் ஆளுநர் எர்ஸ்கின் பெயரில் இருந்த பெரியாஸ்பத்திரியோடு அதைச் சேர்த்தார்கள். பிறகு அது ராஜாஜி மருத்துவமனை ஆனது. எங்கள் ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனாலும் அந்தத் தூரத்தைக் கடப்பது சுலபமாக இருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் பேர் எழுதுவார்கள். பேர் எழுதுவது என்றாலே எங்கள் கிழவர்களுக்கு உடம்பு கூசும். என் அப்பத்தா சாகும்வரை எந்தத் தாளிலும் பெருவிரல் வைக்கச் சம்மதித்ததில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த டாக்டரய்யா அரசு வேலையிலிருந்து வெளியே வந்து கிளினிக் தொடங்கியவர். அவரிடம் முதலில் இருந்தவை சுத்தியல், இசைக்கவை, ஊசி, டார்ச். அதற்கப்புறம்தான் எட்டு சேனல் ஈ.ஈ.ஜி. மெஷின் வந்தது. அந்த மெஷினை விளக்கமாகச் சொல்ல எனக்கு ஆசை, ஏனென்றால் இப்போது கம்ப்யூட்டர் திரையில் பார்ப்பவர்களுக்கு அதன் பாடு தெரியாது. எட்டு மைப் பேனாக்கள். மடித்து அடுக்கிய தாள், நொடிக்கு 30 மில்லிமீட்டர் ஓடும். இருபது நிமிடப் பதிவுக்கு 36 மீட்டர் தாள். ஒருவருடைய மூளை வராந்தாவைத் தாண்டி நீளும். ஹான்ஸ் பெர்கர் 1924-ல் ஜெர்மனியில் முதல் முறையாக மனித மூளையின் மின்சாரத்தைப் பதிந்தபோது அவரை யாரும் நம்பவில்லையாம். மேல்நாட்டில் அதை நம்பவைப்பது கஷ்டம். இங்கே ஒயரைப் பார்த்ததும் கரண்டு வைக்கப் போகிறார்கள் என்று பயந்தவர்களை உட்கார வைப்பது கஷ்டம். "ஆத்தா, கரண்டு உங்களுக்கு வர்றதில்ல, உங்ககிட்ட இருந்துதான் இதுக்கு வருது" என்று சொல்லிச் சொல்லி என் நாக்குத் தேய்ந்தது.

"முதல் நாளே சீயக்காய் தேச்சுக் குளிச்சிருங்க. எண்ணெய் வைக்காதீங்க, பூ வைக்காதீங்க." இது சீட்டோடு நாங்கள் கொடுத்த வாய்மொழி. எண்ணெய்த் தலையில் எலக்ட்ரோடு ஒட்டாது. பூ வைக்காமல் வெளியே கிளம்புவதா என்று சுமங்கலிப் பெண்கள் கலங்குவார்கள். பூவை டிபன் டப்பாவில் வைத்து எடுத்து வந்து, பதிவு முடிந்ததும் பசையைத் துடைத்துக்கொண்டு அங்கேயே சூடிப் போனவர்கள் பலர். சித்திரை வெயிலிலும் ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் எடுப்பேன், கரண்டு இரைச்சல் தாளில் ஏறிவிடும்.

டாக்டரய்யாவின் வைத்தியத்தில் மெஷினுக்கு இரண்டாம் இடம்தான். முதலிடம் சாட்சிக்கு. இழுத்த ஆளுக்கு இழுத்தது தெரியாது. அதனால், "பாத்தது யாரு?" என்று கேட்பார். பார்த்தவர் வரவில்லையென்றால், அடுத்த வாரம் அவரைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்புவார். நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கமிருந்து வந்த ஒரு கிழவி, வேலை கெட்டு மறுபடி பஸ் ஏறிவந்த கோபத்தோடு உட்கார்ந்தார். "ஆத்தா, நீங்கதான பாத்தீக? தலை எந்தப் பக்கம் திரும்புச்சு? முதல்ல கையா, வாயா?" என்று டாக்டரய்யா கேட்க, கிழவி நாற்காலியை விட்டு எழுந்து, பேரன் விழுந்த விதத்தை அப்படியே செய்து காட்டினார். இடது கட்டைவிரல் முதலில் துடித்தது, பிறகு கை, பிறகு வாயோரம். டாக்டரய்யா பார்த்து முடித்ததும் என்னிடம், வலதுபக்க மூளையில் கையை ஆட்டுகிற இடத்தைக் கூடுதலாகக் கவனித்து எடு என்றார். அந்த இடத்தில்தான் கோளாறு இருந்தது. படிக்காத அந்தக் கிழவியின் சாட்சிக்கு என் 36 மீட்டர் தாள் ஒப்புதல் கொடுத்தது.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேறு கதை. வகுப்பில் கனவு காண்கிறான், கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று வாத்தியாரிடம் அடி வாங்கிய பிள்ளைகள். கையில் காகிதக் காற்றாடியைக் கொடுத்து மூன்று நிமிடம் ஊதச் சொல்வேன். ஊதிக்கொண்டே இருக்கும்போது காற்றாடி நிற்கும்; பிள்ளையின் கண் நிலைகுத்தும்; எட்டுப் பேனாவும் ஒரே சமயத்தில் நொடிக்கு மூன்று வீதம் கூரும் அலையுமாகத் துள்ளும். பத்து நொடியில் பிள்ளை மறுபடி ஊதத் தொடங்கும், நடுவே எதுவும் நடக்காததுபோல. அந்தத் தாளை மடித்துப் பெற்றோரிடம் காட்டி, வாத்தியாரிடமும் காட்டச் சொல்லி டாக்டரய்யா கொடுத்துவிடுவார். சோம்பேறி என்று பெயர் வாங்கிய பிள்ளைக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது.

மதுரையில் சி.டி. ஸ்கேன் பரவலாக வந்ததும் ஒரு புதிர் வந்தது. வாலிப வயதில் ஒரு தடவை இழுத்தவர்களுடைய படத்தில் சின்னதாக ஒரு வளையம். மூளைக் காசநோய்க் கட்டி என்று நாடு முழுக்கப் பலருக்கு மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்தார்கள். சிலருக்கு மருந்து இல்லாமலே வளையம் மறைந்தது. வேலூரில் மாத்யூ சாண்டியும் வேதாந்தம் ராஜசேகரும் 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் அந்த வளையத்தை எடுத்துச் சோதித்து, அவற்றில் பெரும்பாலானவை நாடாப்புழுவின் இளம்புழு செத்துக்கொண்டிருக்கும் முடிச்சுகள் என்று காட்டினார்கள். "நாங்க பன்னிக்கறி தொடறதே இல்லையேய்யா" என்று சைவக் குடும்பங்கள் கோபப்படும். கறி தின்றவர் குடலில் நாடாப்புழு வளரும். அதன் முட்டை மலத்தோடு வெளியேறி, மண்ணிலும் தண்ணீரிலும் கீரையிலும் கலந்து யார் வயிற்றுக்கும் போகும். அதிலிருந்து வரும் இளம்புழு மூளைக்கு ஏறினால் இழுப்பு. கழிப்பறையும் சுத்தமான தண்ணீரும் இல்லாத ஊர், தன் பிள்ளைகளின் மூளையில் அதற்கு விலை கொடுத்தது. தனி ஆளின் பாவம் என்று கோடாங்கி சொன்ன நோய், ஊரே சேர்ந்து அனுபவித்த வறுமையாக என் கண்ணுக்குத் தெரிந்தது அப்போதுதான்.

நடுக்குவாதத்தைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. எங்கள் பக்கத்து வேலிகளில் பூனைக்காலி படரும். காயின் மயிர் பட்டால் உடம்பெல்லாம் அரிக்கும். அதன் விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்து 1937-ல் எழுதியவர்கள், சென்னை சேப்பாக்கத்துப் பல்கலைக்கழக ஆய்வகத்தைச் சேர்ந்த தாமோதரனும் ராமசாமியும். அது நடுக்குவாதத்துக்கு மருந்தாக நிலைபெற 1960களின் பின்பாதி ஆனது. கை நடுக்கம் நின்று, தானே காபி டம்ளரைப் பிடித்துக் குடித்த பெரியவர்களைப் பார்க்கும்போதெல்லாம் சேப்பாக்கத்து இருவரையும் நினைத்துக்கொள்வேன்.

இவ்வளவு இருந்தும், எங்கள் வைத்தியம் தோற்றது பெரும்பாலும் கல்யாணத்தில். எப்டாயின் என்ற இழுப்பு மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கு ஈறு தடித்துவிடும், அதை வைத்தே மாப்பிள்ளை வீட்டார் கண்டுபிடிப்பார்கள் என்று தாய்மார் பயந்தார்கள். மாத்திரையைக் குங்குமச் சிமிழில் ஒளித்து அனுப்பினார்கள். கூட்டுக் குடும்பத்தில் ஒளிக்க முடியாமல் போனதும் பெண் மாத்திரையை நிறுத்தினாள். நிறுத்திய வாரத்திலேயே அடுப்படியில் இழுப்பு வந்து, தீக்காயத்தோடு திரும்பி வந்தாள். சட்டமும் அந்தப் பயத்துக்குத் துணை நின்றது. 1976-ல் இந்துத் திருமணச் சட்டத்தைத் திருத்தியபோது, அடிக்கடி இழுப்பு வருவதைத் திருமணத்துக்குத் தடையாக எழுதி வைத்தார்கள். அதை நீக்கியது 1999-ல். கீழக்குயில்குடியைச் சட்டம் போட்டுக் குற்றவாளி ஆக்கியதும் எனக்குத் தெரியும், நோயாளியைச் சட்டம் போட்டு ஒதுக்கியதும் தெரியும். சட்டம் எழுதினவர்கள் அழித்த பிறகும் பழி மட்டும் ஊர் வாயில் ரொம்ப காலம் நிற்கிறது. இன்னமும் பெண் பார்க்கும்போது இழுப்பைக் கேட்காமல் விடுவதில்லை.

அந்தக் கல்யாணங்களில் சிலவற்றை டாக்டரய்யா காப்பாற்றினார். மாப்பிள்ளையையே கூட்டி வரச் சொல்வார். "தம்பி, சர்க்கரைக்கு மாத்திரை போடுற உங்க அம்மாவை ஒதுக்கி வைப்பீங்களா?" என்று கேட்டு, இழுப்பு வந்தால் என்ன செய்யணும் என்று சொல்லித் தருவார். ஒருக்களித்துப் படுக்க வை, வாயில் எதையும் திணிக்காதே, கடிகாரத்தைப் பார், ஐந்து நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரி. இப்போது அதைக் கோயில் திருவிழாவில் நானே சொல்லித் தருகிறேன். அய்யனார் கோயிலில் பிள்ளையைக் கிடத்துகிறவர்களை நான் தடுப்பதில்லை. கிடத்தியவர்களிடம் காலையும் ராத்திரியும் மாத்திரை போகிறதா என்று மட்டும் கேட்பேன்.

இழுப்பு நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு மருந்தாலேயே நோய் கட்டுப்படும். அந்த மருந்தை நடுவில் விடாமல் ஆண்டுக்கணக்கில் போடணும். விடுபடுவது பெரும்பாலும் காசால் இல்லை. மாத்திரை தீர்ந்த நாளில் கூலி வேலையை விட்டு மதுரைக்குப் போக முடியாததால். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. பக்கவாதம் வந்து படுத்திருப்பவர் வீட்டுக்கே பிசியோதெரபி செய்யவும் ஆள் வருகிறார். கதவைத் தட்டிப் பேர் எழுதுகிற அந்தத் தங்கச்சிகளின் பையில் இழுப்பு மாத்திரைக்கும் நிரந்தரமாக ஓர் இடம் வேண்டும் என்று, கிராமசபை நடக்கும் நாளெல்லாம் எழுந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.